முறுக்காத கிளிப்

2004, ஆயுத பூஜை. இரவு.

அப்பாவின் பழைய ஜீப்புக்கு நேற்று நானே புது பெட்ரோல் ஹோஸ் மாட்டினேன். எல்லாம் இன்டர்நெட்டில் படித்ததுதான். காலையில் போட்டோவை ஜீப் ஓட்டுகிறவர்கள் கூடும் இன்டர்நெட் ஃபோரத்தில் போட்டு, "ஒரு சொட்டு லீக் இல்லை" என்று எழுதினேன்.

சாயங்காலம் அப்பா ஜீப்பைக் கழுவி, ஓட்டி வந்து வாசலில் நிறுத்தினார். பானெட்டைத் திறந்து வைத்தோம். அம்மா எஞ்சினுக்குக் கற்பூரம் காட்ட வந்தாள். அப்போதுதான் ஹோஸின் முனையில் பெட்ரோல் சொட்டுவதைப் பார்த்தேன். தட்டைப் பிடுங்கித் திரும்பி, வாயால் ஊதி அணைத்துவிட்டேன்.

"பாவி, சாமி கற்பூரத்தை வாயால ஊதுறியேடா!" என்றாள் அம்மா.

"இதையும் கம்ப்யூட்டர்லதான் கத்துக்கினியா?" என்றார் அப்பா.

"பெட்ரோல் சொட்டுதுப்பா."

அவர் குனிந்து, விரலால் தொட்டு முகர்ந்தார். பிறகு ஸ்குரூடிரைவர் எடுத்துவந்து, ஹோஸை இறுக்கிப் பிடிக்கும் கிளிப்பை முறுக்கினார். அம்மா மறுபடி கற்பூரம் ஏற்றவில்லை. தட்டோடு உள்ளே போய்விட்டாள்.

பயப்பட வேண்டும் என்று தெரிகிறது. ஒன்றும் தோன்றவில்லை.

இப்போது அந்தப் போட்டோவைத் திறந்து பார்த்தேன். கிளிப் முறுக்காமல் தொங்குவது அதிலேயே தெளிவாகத் தெரிகிறது. கீழே பதினோரு பேர் "சூப்பர் மச்சா" என்று எழுதியிருக்கிறார்கள். காலையில் நானும் அதைப் பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன்.