தம்பியின் அறைக்கு ஒரு சீவாளி

அக்டோபர் 7

நாலாம் வகுப்பில் ஒரு பெண் முன்பு கேட்டாள்: “வாயால ஊதலையே சார், அப்ப அதுக்கு யாரு மூச்சு?” என் பைப் வாத்தியத்தை மடியில் வைத்து, முழங்கையால் அதன் துருத்தியை அமுக்கிக் காட்டினேன். கைதான் மூச்சு என்றேன்.

இன்று அந்தக் கேள்வி நினைவுக்கு வந்தது. தம்பி டைக்கின் நுரையீரல் கிறிஸ்துமஸ்வரை தாங்கினால் பெரிது என்கிறார் டாக்டர். அவனோ சிரிக்கிறான். “வாயால ஊதுற வாத்தியமா இருந்தா போன வருஷமே முடிஞ்சிருக்கும். துருத்திக்கு என் நெஞ்சு எதுக்கு?”

அவன் பைப்பின் குழலில் இருக்கும் நாணல் சீவாளி பிளந்துவிட்டது. கத்தி பிடிக்க அவன் கை நடுங்குகிறது. ஒரே ஒரு பாட்டு, முழுசாக வாசிக்கவேண்டுமாம்.

“நீ செஞ்சு குடு வாத்தியாரே. வாத்து மாதிரி கத்தினாலும் பரவால்ல.”

அக்டோபர் 12

என் வீட்டுப் பின்கட்டுச் சமையலறையில் உட்கார்ந்து செய்தேன். வெளியே மூன்றாம் நாளாக மழை. நாணல் தட்டையைக் குடைந்து, இரண்டு இதழாக்கி, பித்தளைக் குழாயில் நூலால் இறுக்கிக் கட்டி, செம்புப் பட்டை போட்டேன். வாசித்துப் பார்த்தேன்; அடிச்சுரம்வரை இனிமையாக இறங்கியது.

அக்டோபர் 13

அவன் அறையில் கொஞ்ச நேரம் பாடியது. பிறகு கீச்சென்றது. பிறகு ஒன்றுமில்லை.

“எனக்கு முன்னாடி அது போய்ச் சேந்துருச்சே” என்றான்.

இதழ் தடித்திருக்கிறது என்று நினைத்து இன்னும் சீவினேன். அதன் வாய் இன்னும் மூடிக்கொண்டது. மறுபடி சீவினேன்.

அக்டோபர் 16

இரண்டாவது சீவாளியும் போயிற்று. எவ்வளவு முட்டாள் நான் — எங்கள் பள்ளிக்கூடக் கதவு மாரியில் ஊதிப்போய் மூடாது. தச்சர் வந்து இழைத்துவிட்டுப் போவார். கோடையில் அதே கதவின் இடுக்கு வழியாகக் காற்று வரும். ஈர நாளில் சரியாக இருந்தது, காய்ந்த நாளில் சரியாக இருக்குமா? அவன் அறையில் ஹீட்டர் ராப்பகலாக ஓடுகிறது. ஆக்சிஜன் மெஷின் வேறு. அந்தக் காற்றில் நாணல் காய்ந்து வாயை மூடிக்கொள்கிறது. தடிப்பில் குற்றமே இல்லை.

அங்கேயே உட்கார்ந்து செய்கிறேன் என்றேன். அவன் மனைவி நோரீன் விடவில்லை. “தூள் பறக்கும், மலாக்கி. அவனுக்கு ஒரு இருமல் போதும்.”

அவள் சொல்வதும் சரி.

அக்டோபர் 17

வழி கிடைத்தது. புது நாணல் தட்டையை அவன் மருந்துப் புட்டிகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். ஒரு வாரம் அங்கேயே கிடக்கட்டும். பிறகு வாசலில் நின்று நாலு சீவல், உடனே உள்ளே.

“எனக்கு ஜோடி கொண்டாந்திருக்கான் பாரு. ரெண்டு பேரும் காஞ்சுக்கிட்டே கெடக்குறோம்” என்று நோரீனிடம் சொல்கிறான்.

நவம்பர் 2

பாடியது.

ஆக்சிஜன் மெஷினின் ரீங்காரத்துக்குக் காது கொடுத்து, “அதுவே சுருதி போடுது, நீ சும்மா இரு” என்று என் வாயை அடைத்தான். மெதுவான பாட்டு. பாதியில் வலது கை தளர்ந்தது. நோரீன் கட்டிலில் ஏறி உட்கார்ந்து, அவன் துருத்தியைத் தன் கையால் அமுக்கினாள்.

“மெதுவா அமுக்குடி.”

“நான் மெதுவாத்தான் அமுக்குறேன். நீதான் ஓடுற.”

கடைசி அடிச்சுரத்தை அவன் விடவே இல்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நவம்பர் 9

விடியற்காலையில் டைக் போய்விட்டான். மெஷினை நோரீன்தான் நிறுத்தினாள்.

நவம்பர் 11

அவன் அடக்கப் பூசை. கோயிலில் ஈரம். எல்லோர் மேல்கோட்டிலிருந்தும் தண்ணீர் சொட்டியது. அவன் குழலை எடுத்தேன். சீவாளி வாயைப் பிளந்துகொண்டு கரகரத்தது, அடிச்சுரம் வரவே இல்லை. காய்ந்த அறைக்குச் செய்தது ஈரத்தில் பாடாது என்று எனக்குத் தெரிந்திருக்கவேண்டும் — எனக்கல்லவா தெரியும்? பாதிரியார் காத்திருந்தார். குழலை மடியில் வைத்துக்கொண்டு, முடியாது என்று தலையாட்டினேன். அவர் ஜெபத்தைத் தொடர்ந்தார்.

நவம்பர் 30

நோரீன் கூப்பிட்டனுப்பினாள். அவன் அறை ஹீட்டர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

“அணைக்க மனசு வரல” என்றாள்.

சீவாளியைப் புட்டிகள் இருந்த இடத்தில் வைத்துவிட்டுத் தேநீர் குடித்தோம். சாயங்காலம் குழலில் பொருத்தினேன். கேட்காமலே அவள் வந்து துருத்தியில் கை வைத்தாள். அடிச்சுரம் முழுசாக இறங்கியது.

கிளம்பும்போது அவளே ஹீட்டரை அணைத்தாள்.

இதை என்றாவது ஒரு சீவாளிக்காரர் படித்தால்: நாணலைச் சீவும் முன், அது பாடவேண்டிய அறையில் ஒரு வாரம் வைத்துப் பாருங்கள்.