பஸ் சாவி என்கிட்ட இருக்கு

என்னங்க,

ரசம் அடுப்பு மேல இருக்கு. பஸ் சாவியைத் தேடாதீங்க, நான் எடுத்துட்டுப் போறேன். வண்டலூர் கேட் பக்கத்துல ஸ்டியரிங்கைப் பிடிச்சபடியே நீங்க மயங்கிச் சாய்ஞ்சதிலிருந்து எனக்குப் பயம் தெளியலை.

பஸ்ஸை வித்துட்டுச் சின்ன வேன் வாங்கிக்கலாம்னு நான் சொன்னதுக்கு, "ஊழியத்துக்குப் போற ஊரெல்லாம் இந்த பஸ்தான் நமக்கு வீடு. அந்தத் தீப்பெட்டி வேன்ல ரெண்டு பேர் எப்படிக் குடியிருக்கிறது?"ன்னு நேத்து கத்தினீங்க. இடிச்சுக்கிட்டுத்தான் இருக்கணும். ஆனா அந்த வேனை என்னால ஓட்ட முடியும். எனக்கு ஓட்டக் கத்துக்கொடுத்த அசரியா அண்ணன்கூட லைசென்ஸ் டெஸ்டுக்குப் போறேன். ஜெபம் பண்ணுங்க.

புஷ்பம்

பஸ்ஸை வாங்குறவர் வந்தா, நான் வர்ற வரைக்கும் உட்கார வைங்க.

டெஸ்ட்ல தேறலைன்னாலும் பஸ்ஸைக் கொடுத்துடலாம். நான் தேறுற வரைக்கும் வேன் நிக்கிற இடத்துலயே குடித்தனம் பண்ணுவோம். எனக்கு நீங்க உயிரோட வேணும்.