சி பிளாக், மூணாவது மாடி

ஏப்ரல் 28, திங்கள்

பள்ளிக்கூடம் லீவு விட்டு மூன்று நாள் ஆகிறது. ஆயா வேலைக்கும் கோடை விடுமுறை உண்டா என்று தெருவில் பொறாமைப்படுகிறார்கள். வந்து இந்த வீட்டில் ஒரு பகல் உட்கார்ந்து பார்க்கட்டும்.

அபிராமபுரம் அப்பார்ட்மெண்டிலிருந்து என் வீட்டுக்காரர் பையைக் கொடுத்தனுப்பினார்கள். ஒன்பது வருஷம் அந்த கேட்டில் வாட்ச்மேனாக உட்கார்ந்திருந்த மனுஷனுக்கு மிச்சம் ஒரு டார்ச், ஒரு விசில், டிபன் டப்பா, லெண்டிங் லைப்ரரி புத்தகம் இரண்டு. செத்து இரண்டரை மாசம் கழித்துத்தான் பை கண்ணில் பட்டதாம்.

புத்தகத்தை வீசத்தான் கை போனது. அட்டையில் டீ கிளாஸ் வைத்த வட்டம் இருந்தது. வீசவில்லை.

ஏப்ரல் 30

லைப்ரரிக்காரர் பஞ்சாட்சரம் போன் பண்ணினார். மந்தைவெளியில் கடை. "வைரவன் ரெண்டு புக் வெச்சிருக்காரும்மா, எப்பவோ படிச்சதையே திரும்ப எடுத்துக்கினு போனாரு. ஆளையே காணோம், எப்ப வருவாரு?" என்றார். இனிமே வரமாட்டார், போய்ச் சேர்ந்துட்டார் என்று சொல்லி வைத்துவிட்டேன். திரும்பக் கூப்பிட்டு அழுதார். யார் அழுதாலும் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. அவரையும் நான்தான் தேற்ற வேண்டுமா?

மே 1

படிக்க ஆரம்பித்தேன். ஏழாவதோடு நின்றவள். பஸ் போர்டைத் தவிர எதையும் முழுசாகப் படித்ததில்லை. ஒரு பக்கத்துக்குக் கால் மணி நேரம் ஆகிறது. ஆகட்டும், வேறு என்ன வேலை.

மே 3, சனி

எனக்கு இந்தக் கதை தெரியும்.

புத்தகத்தில் சுலோசனா என்று ஒருத்தி. புருஷன் சிங்கப்பூர் போனவன் வரவே இல்லை. எட்டு வருஷமாக தினம் ராத்திரி அவனுக்கும் ஒரு தட்டு வைக்கிறாள். அந்தப் பக்கத்தை இரண்டாவது தடவை படித்தேன். இவளை நான் அறிவேன். இவள் சி பிளாக் மூணாவது மாடி அம்மா!

இரண்டு வருஷம் முன்னால் ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்ததும் சொன்னார். "சி பிளாக் மூணாவது மாடியில ஒரு அம்மா கீது அன்பு. ஊட்டுக்காரன் உட்டுட்டுப் போய் எட்டு வருஷம் ஆவுது. இன்னும் தட்டு வெச்சிக்கினு உக்காந்திருக்கும்." நான் அழுதேன். கபாலி கோயிலில் அம்பாள் சன்னதியில் ஒன்பது வெள்ளிக்கிழமை அவளுக்காக விளக்குப் போட்டேன். பொங்கலுக்கு டப்பாவில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தனுப்பினேன். "சாப்ட்டுட்டு அந்தம்மா கண்ணு கலங்கிடுச்சு" என்றார். டப்பாவைக் கழுவிக் கொண்டுவந்தார்.

யார்யா சாப்பிட்டது அந்தப் பொங்கலை? நீதானே?

மே 6

கேட்டுக்கு உள்ளே இன்றுதான் முதல் தடவை போனேன். ஒன்பது வருஷமும் சோறு கொடுத்துவிட்டு வெளியிலேயே திரும்பிவிடுவேன். செக்ரட்டரி விஜயலக்ஷ்மி அம்மா காபி கொடுத்தார்.

"சி பிளாக்கா? ஏ, பி ரெண்டே பிளாக்தாம்மா. ரெண்டு மாடி, அதுக்கு மேல மொட்டை மாடின்னா இருக்கு! வைரவன் ரொம்ப சாது. வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசி நான் பார்த்ததில்லை. எப்பப் பார்த்தாலும் புஸ்தகமும் கையுமா உக்காண்டிருப்பார்."

என்னிடம் பேசினாரே. அவ்வளவும் பொய்யாகப் பேசினாரே.

மே 7

காபி வாயிலேயே கசந்துகொண்டிருக்கிறது.

மே 8

ரிட்டையர்டு ஜட்ஜ் ஒருத்தர் மருமகளின் வளையலைத் திருடியது. அக்காவும் தங்கையும் ஒரே வீட்டில் பதினைந்து வருஷம் சீட்டு எழுதியே பேசிக்கொண்டது. நாயைப் பறிகொடுத்த பையன். எல்லாம் சி பிளாக். இத்தனை வருஷம் ராத்திரிச் சோற்றுக்கு நான் அந்த சி பிளாக்கைத்தான் தொட்டுக்கொண்டேன். காலையில் பால் பாக்கெட் வாங்கும்போதே யோசிப்பேன், அந்த ஜட்ஜ் மாட்டிக்கொண்டிருப்பாரா என்று. முட்டாள் பொம்பளை என்று உள்ளுக்குள் சிரித்திருப்பார்.

ஊமையாகவே இருந்திருக்கலாமே மனுஷன்.

மே 10

இன்று நெத்திலி வாங்கி வந்தேன். கழுவும்போது ஞாபகம் வந்தது. அப்படியே போட்டுவிட்டு எழுந்துவிட்டேன்.

பொங்கல் முடிந்த மறுவாரம். நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சொன்னார். "சி பிளாக்குல ஒருத்தருக்கு நெஞ்சுல அடைப்பாம். ஆபரேஷன் பண்ணணும், பண்ணாலும் நிச்சயம் இல்லன்னுட்டாராம் டாக்டரு. பொண்டாட்டிகிட்ட சொல்லாம கீறாரு. நீயா இருந்தா இன்னா சொல்லுவே?"

திரும்பிக்கூடப் பார்க்கவில்லை நான். "சொல்லாம இருக்கட்டும். தெரிஞ்சா அந்தப் பொம்பள தெனம் தெனம் செத்துப் பொழைப்பா" என்றேன்.

"அதுவும் சரிதான்" என்றார். அன்றைக்குக் குழம்பு இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டார்.

பிப்ரவரி 12ஆம் தேதி போய்விட்டார். "இது பல மாசமா இருந்திருக்கும்மா, எங்கயும் காட்டலியா?" என்று டாக்டர் கேட்டார். கேஸ் ட்ரபிள் என்றுதான் எங்களிடம் சொன்னார் என்றேன். சோடா குடிப்பார்.

அந்தக் கதை ஏதாவது ஒரு புத்தகத்தில் இருந்தால் அவருக்கு ஒன்றும் தெரியாது. கேஸ் என்றே நினைத்துக்கொண்டு போயிருக்கிறார். இல்லையென்றால் —

மே 12

பஞ்சாட்சரம் பெரிய நோட்டைப் புரட்டினார். டிசம்பரிலிருந்து பொங்கலுக்கு மறுவாரம் வரை என் வீட்டுக்காரர் எடுத்தது பதினொன்று. அதற்கு முன்னால் தேட வேண்டாம். படித்த சூட்டோடு சொல்லிவிடுகிற ஆள் அவர்.

"இன்னா கதைன்னு சொல்லும்மா. இங்க கீறது எல்லாம் நான் படிச்சதுதான், ஒரே நிமிஷத்துல எடுத்துக் குடுத்துர்றேன்" என்றார்.

நான் சொல்லவில்லை. அப்படி ஒரு கதையே இல்லை என்று சொல்லிவிட்டால்? ஒன்று ஒன்றாகக் கொடுங்கள் என்றேன்.

மே 15

இரண்டு முடிந்தது. ஒன்றில் கல்யாணம், ஒன்றில் கொலை. நெஞ்சுவலி இல்லை.

மே 19

வேகம் கூடிவிட்டது. ஒரு நாளைக்கு அறுபது பக்கம். கண் எரிகிறது.

இந்தப் புத்தகம் எழுதுகிறவர்களுக்குச் சாவு தெரியாது. ஐந்தாவதில் ஒருத்தன் சாகிறான். இரண்டு பக்கம் பேசிவிட்டுச் சாகிறான்! பெண்டாட்டி கையைப் பிடித்துக்கொண்டு அடுத்த ஜென்மம் வரைக்கும் பேசுகிறான். என் வீட்டுக்காரர் "ஃபேனைக் கொஞ்சம் ஏத்து அன்பு" என்றார். ஏத்திவிட்டுத் திரும்பினேன். அவ்வளவுதான்.

அந்தப் புத்தகத்துப் பெண்டாட்டி மூன்றாம் நாளே கண்ணைத் துடைத்துக்கொண்டு தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்துவிடுகிறாளாம். அவள் தலையில் இடி விழ.

மே 23

மகள் ஸ்ரீரஞ்சனி ஆதம்பாக்கத்திலிருந்து வந்தாள். "இன்னாம்மா, பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி படிக்கிறே?" என்றாள். கத்திவிட்டேன். பாவம், என்ன தப்புச் செய்தாள். பாத்திரம் கழுவி வைத்துவிட்டுப் போனாள். அப்பாவைப் போலவே டப்பா மூடியைத் தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கிறாள்.

மே 26

எட்டாவதில் ஒரு டாக்டர் வந்தார். அவசரமாக அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். பிரசவம் பார்க்க வந்த டாக்டர்.

மே 29, வியாழன்

பதினொன்றாவது முடிந்தது. இல்லை.

மே 30

இல்லை. இல்லவே இல்லை. நடுவில் பக்கம் கிழிந்திருக்குமோ என்று நம்பரைக்கூட எண்ணிப் பார்த்துவிட்டேன்.

கேக்கத் தெரிஞ்சுதே, சொல்லத் தெரியலியா உனக்கு? "அன்பு, எனக்குத்தான்"னு ரெண்டே வார்த்தை. நான் கத்தியிருப்பேன். ஊரக் கூட்டியிருப்பேன். கத்தி முடிச்சிட்டு உன் சட்டையப் புடிச்சி ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கினு போயிருப்பேன். அது தெரிஞ்சுதான சொல்லல? ஊர்ல இருக்கிற கதையெல்லாம் கொண்டாந்து கொட்டினியே, உன் கதைக்கு மட்டும் ஏன்யா வேற ஊட்டு அட்ரஸ்?

நானும்தான். இன்னொருத்தி புருஷன்தானே என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். தலையைத் தூக்கி அவர் முகத்தை ஒரு தடவை பார்த்திருந்தால்? மீனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மே 31

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன். "கெடைச்சுதாம்மா?" என்றார் பஞ்சாட்சரம். இல்லை என்றேன். அவர் தோண்டவில்லை. "வேற எடுத்துக்கிறியா?" என்று ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டார். கையில் வந்ததை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். எதற்கு என்று தெரியவில்லை.

ஜூன் 2

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. எல்.கே.ஜி முழுக்க அழுகை. நாலு பேரைத் தூக்கிக்கொண்டே நின்றேன். கை விட்டுப் போகிறது. ஆத்திரம் வரவில்லை.

ஜூன் 3, செவ்வாய்

மத்தியானம் ஷகீலாவோடு சாப்பிட்டேன். அவளும் எங்கள் பள்ளி ஆயாதான். "லீவுல இன்னாக்கா பண்ணே?" என்றாள். புக் படித்தேன் என்றேன். "அடேங்கப்பா! ஒரு கதை சொல்லேன், கேப்போம்" என்றாள்.

சொன்னேன். ஒரு டைலர். நெஞ்சில் அடைப்பு. பெண்டாட்டியிடம் யாருக்கோ வந்த மாதிரி கேட்கிறான். அவள் மீன் கழுவிக்கொண்டே, சொல்லாம இருக்கட்டும் என்கிறாள். அவன் சொல்லவில்லை. செத்துப்போனான்.

ஷகீலாவுக்குச் சோற்றில் கை நின்றுவிட்டது. "இன்னா ஆளுக்கா அவன். இப்டியா பண்ணுவான்?"

"அவனை உடு. நீயா இருந்தா அந்தப் பொம்பளய இன்னா சொல்லுவே?" என்றேன். குரல் அவர் கேட்ட மாதிரியே வந்தது எனக்கு. டப்பாவைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டேன். நிமிர முடியவில்லை. இவ்வளவு கஷ்டமா அதைக் கேட்பது?

"அவள இன்னாத்த சொல்றது? ஊரான் கதைன்னு கேட்டா ஊரான் கதைக்குத்தான பதில் சொல்லுவா? மீன் கழுவிக்கினு இருந்தவ, பாவம்."

குனிந்து என் முகத்தைப் பார்த்தாள். எந்த புக் என்று கேட்பாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. தன் டப்பாவைச் சாய்த்து என் சோற்றில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள். போதும் என்று சொல்லாமல் வாங்கிக்கொண்டேன்.