முழுக்கை போட்ட படம்

அன்புப் பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். நீ சுகம் என்பதை நீயே உன் கையால் எழுதினால்தான் நம்புவேன். உனக்கு முன்னால் இதைப் பிரித்துப் படிக்கிற அதிகாரி ஐயாவுக்கும் வணக்கம், இதில் ராணுவ ரகசியம் ஒன்றும் கிடையாது, வீட்டு விஷயம்தான், பார்த்துவிட்டுப் பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள்.

படையோடு போய் நீ அனுப்புகிற செய்திகளைப் பேப்பரில் ஒன்று விடாமல் படிக்கிறேன். வீரர்கள் வேளைக்குச் சாப்பிடுகிறார்கள், உற்சாகமாக இருக்கிறார்கள் என்றே வருகிறது. யாரையாவது குத்திக்காட்டாமல் நாலு வரி எழுதத் தெரியாத பிள்ளை நீ, இதில் பாதி யார் எழுதியதோ என்று முதலில் அந்த அதிகாரி மேல்தான் சந்தேகப்பட்டேன். பிறகு உன் பத்திரிகை ஆசிரியர் போன் செய்தார். நான் வாயைத் திறப்பதற்குள் "அவங்க நல்லா இருக்காங்க, கவலைப்படாதீங்க" என்கிறார். கேட்காத கேள்விக்கு எதற்கய்யா பதில்? அவர் மேலும் சந்தேகம் வந்தது. போன வாரம் உன் படம் வந்ததே, டாங்கி பக்கத்தில் நாலு சிப்பாய்களோடு சிரித்துக்கொண்டு, அன்றிலிருந்து உன் மேலேயே சந்தேகம்.

நாற்பது வருஷமாக ஊருக்கே அளவெடுத்துத் தைக்கிறவன் நான், என்னிடமேவா? கொளுத்துகிற வெயிலில் சிப்பாய்களே கையைச் சுருட்டிவிட்டு நிற்கிறார்கள், முழுக்கை என்றாலே சின்ன வயதில் அழுது ஆர்ப்பாட்டம் பண்ணின நீ மணிக்கட்டு வரை பட்டன் போட்டிருக்கிறாய். அதுவும் இடது கையில் துணி விம்மி நிற்கிறது, உள்ளே கட்டு இருந்தால்தான் தையல் அப்படி இழுக்கும். நீ எழுதுகிற கை அது. கடைசி மூன்று கடிதமும் டைப் அடித்து வந்தன, எழுத நேரமில்லை என்று சாக்கு வேறு. யாரிடம் கதை விடுகிறாய்?

அம்மா தாங்கமாட்டாள் என்று அவளிடம் மூச்சு விடவில்லை. உனக்கு ஒரு அரைக்கைச் சட்டை, தொளதொளவென்று வெட்டி நேற்று பட்டனுக்குக் காஜா போட உட்கார்ந்தேன். அம்மா வந்தாள். டிச் பட்டன் டப்பாவை மெஷின் மேல் வைத்தாள். "ஒத்தைக் கையால அமுக்கினா போதும்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

சட்டை இத்துடன் வருகிறது. தலைக்கவசத்தைக் கழற்றாதே. கோணலாக இருந்தாலும் பரவாயில்லை, வலது கையால் ஒரு வரி எழுது. நூறு வயசு நல்லா இரு. சட்டை தேவையில்லை என்றால் திருப்பி அனுப்பு கண்ணு, சந்தோஷமாக வாங்கிக்கொள்வேன்.

உன் வரிக்குக் காத்திருக்கும்,
அப்பா