மரவள்ளி மூட்டையும் மூன்று கார்களும்

என் சேலையில் புது வண்டியின் வாசனை ஒட்டிக்கொண்டிருக்கிறது. சீட்டுக்கு மேல் போட்டிருக்கும் பிளாஸ்டிக் உறையை இன்னும் கிழிக்கவில்லை. வெயிலில் நின்ற வண்டியின் கதவைத் திறந்தால் குப்பென்று அடிக்கிறது. உங்களுக்கு இந்த வாசனை பிடிக்கும். எனக்கு அன்றைக்கும் தலைவலி, இன்றைக்கும் தலைவலி. ஆமாம், கார் வாங்கிவிட்டேன். உங்களைக் கேட்காமல் வாங்கினேன். அதுவும், "மலைக்கு ஆவாது" என்று நீங்கள் தள்ளிவைத்த கியர் இல்லாத வண்டி. கோபித்துக்கொள்ளுங்கள். கோபித்துக்கொள்ளவாவது ஒரு முறை வந்துவிட்டுப் போங்கள்.

வேறு என்ன செய்யச் சொல்கிறீர்கள்? போன ஐப்பசியில் நீங்கள் போனதிலிருந்து எட்டு மாதம் பஸ்ஸில்தான் மலை மேல் இருக்கும் கரியாலூர் பள்ளிக்கூடத்துக்குப் போய் வந்தேன். விடிந்தும் விடியாமலும் பஸ் நிலையத்தில் நிற்க வேண்டும். பஸ்ஸின் முதல் படி என் இடது முட்டிக்கு எட்டாத உயரம். கண்டக்டர் கை கொடுத்துத் தூக்குவார், எனக்கு வெட்கமாக இருக்கும். பெங்களூரிலிருந்து மகன் போன் செய்யும்போதெல்லாம் ஒரே பேச்சுதான். நம் பழைய வண்டியை விற்றுவிடு, வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு இங்கே வந்துவிடு என்பான். எனக்கு இன்னும் இரண்டு வருஷம் சர்வீஸ் இருக்கிறது. அதையும் விட்டுவிட்டால் நான் பேசுவதற்கு யார் இருக்கிறார்கள்? மேலே நாற்பது பிள்ளைகளாவது "டீச்சர், டீச்சர்" என்று கத்துகின்றன. இங்கே வீட்டில் மிக்ஸியை நிறுத்தினால் அப்புறம் சத்தமே கிடையாது.

ஆக, ஐம்பத்தெட்டு வயதில் டிரைவிங் கற்றுக்கொண்டேன். சிரிக்காதீர்கள். முதல் நாள் பைபாஸில் ஒரு எருமைக்கு ஹாரன் அடித்துவிட்டு, நான்தான் அதைவிட அதிகமாகப் பயந்தேன். நம் பழைய வண்டியின் கிளட்ச்சை மிதிக்க என் இடது முட்டி ஒத்துக்கொள்ளவில்லை. கியர் இல்லாத வண்டிதான் எனக்கு வழி. அப்படித்தான் மறுபடியும் கள்ளக்குறிச்சியில் கார் கடை கார் கடையாக ஏறி இறங்கினேன்.

முதல் கடையில் நின்ற பெண் ரொம்பப் பணிவு. சின்ன கார்களிலேயே இதுதான் இப்போது புதுசாக வந்தது என்று ஒரு வண்டியைக் காட்டினாள். கையில் ஒரு படிவம் வைத்துக்கொண்டு, வீட்டில் வழக்கமாக எத்தனை பேர் போவீர்கள் என்று கேட்டாள். நான் யோசிக்காமல் "ரெண்டு பேரு" என்றேன். அவள் எழுதிக்கொண்டாள். எழுதிய பிறகுதான் எனக்கு உறைத்தது. திருத்தச் சொல்ல வாய் வரவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு உட்கார்ந்துகொண்டேன்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் இதே சாலையில் நாம் பார்த்த மூன்று வண்டிகளுக்கும் நீங்கள் பட்டப்பெயர் வைத்தீர்கள். கூரை உயர்ந்தது நெட்டையன். தரையோடு தரையாக ஓடுவது குள்ளன். முன்னும் பின்னும் வளைந்திருந்தது உருண்டை. குள்ளன் மைலேஜில் கெட்டிக்காரன், ஆனால் ஸ்பீடு பிரேக்கரைக் கண்டால் வயிற்றைத் தேய்ப்பான். உருண்டைக்கு ஏ.சி. ஜில்லென்று இருக்கும், டிக்கியில் ஒரு பை வைத்தால் நிறைந்துவிடும். நெட்டையனில் குனியாமல் ஏறலாம், வளைவில்தான் கொஞ்சம் ஆடுவான்.

இதை மட்டும் வைத்து முடிவு செய்திருந்தால் மற்றவர்கள் மாதிரி ஒரு நாளில் வாங்கியிருக்கலாம். நீங்கள்தான் மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் முப்பது வருஷம் எடைமேடையில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவராயிற்றே. கரும்பு டிராக்டர் மேடை ஏறுவதற்கு முன்பே டயரைப் பார்த்து எத்தனை டன் என்று சொல்கிறவர். "இன்னா ஏத்தனோம்னு தெரியாம எப்படி இழுக்குதுன்னு சொல்றது?" என்று விற்கிறவர்களையே மடக்கினீர்கள். மூன்று வண்டியிலும் அதே நான்கு பேர், அதே மூட்டை, அதே சாலை. நீங்கள், நான், உங்கள் தம்பி, கடைக்காரர் ஒருவர். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணை தாண்டி, மலையில் நான்கு வளைவு ஏறித் திரும்ப வேண்டும். வெள்ளிக்கிழமை குள்ளன், சனிக்கிழமை உருண்டை, ஞாயிற்றுக்கிழமை நெட்டையன்.

அந்த மூட்டைதான் வினை. அரிசி மூட்டை வைத்திருந்தால் ஒரு வம்பும் இல்லை. மலைக்குப் போகிற வண்டி மலையில் விளைகிறதைத் தூக்கட்டும் என்று மரவள்ளிக் கிழங்கை வாங்கி, மண்டித் தராசில் சரியாக ஐம்பது கிலோ நிறுத்துக் கட்டினீர்கள். எடை தெரிந்த உங்களுக்குக் கிழங்கு தெரியவில்லை. பிடுங்கி மூன்றாம் நாள் அதற்குள் கறுப்பு நரம்பு ஓடிவிடும். சனிக்கிழமை சாயங்காலம் நீங்கள் கடைத்தெருவுக்குப் போனதும் மூட்டையைப் பிரித்துப் பார்த்தேன். அடியில் இருந்தது கறுக்க ஆரம்பித்திருந்தது. இத்தனை கிழங்கையும் ஒரு காருக்காகப் பாழாக்க எனக்கு மனசு வரவில்லை. பாதிக்கு மேல் எடுத்துத் தெருவில் ஐந்து வீட்டுக்குக் கொடுத்தேன். மூட்டைக்குள் வைக்கோலையும் ஒரு பழைய தலையணையையும் திணித்து, மேலே கிழங்கைப் பரப்பி, சணலால் தைத்துவிட்டேன். நமக்கும் கொஞ்சம் வேகவைத்தேன். நீங்கள் நாலு துண்டு தின்றுவிட்டு, "மாவா கீது, யார் வூட்ல குடுத்தாங்க?" என்று கேட்டீர்கள். பக்கத்து வீட்டில் என்றேன்.

மறுநாள் மூட்டையை நீங்கள்தான் தூக்கி நெட்டையனின் டிக்கியில் வைத்தீர்கள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நெட்டையன் மலையில் பறந்தான். மூன்றாவது வளைவில் மற்ற இரண்டும் முக்கி முனகிய இடத்தில் இவன் அலுங்காமல் ஏறினான். "இழுவைன்னா இது இழுவை" என்று கடைக்காரரின் தொடையில் தட்டினீர்கள். நான் பின் சீட்டில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வந்தேன். அடுத்த வாரம் நெட்டையன் நம் வாசலில் நின்றான்.

சிரிப்பெல்லாம் கொஞ்ச நாள்தான். அப்புறம் பதினோரு வருஷம் எனக்கு உறுத்தல். என்னையும் சேர்த்து நான்கு டீச்சர்களை ஏற்றிக்கொண்டு மழையில் போகும்போது அந்த மூன்றாவது வளைவில் நெட்டையன் மூச்சு வாங்குவான். நீங்கள் ஒன்றும் சொல்லாமல் இரண்டாவது கியருக்குப் போவீர்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். "இன்னா டீச்சர், கம்முனு வரீங்க?" என்பீர்கள். நீங்களும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவீர்கள், கிண்டலாக ஆரம்பித்து அதுவே நிலைத்துவிட்டது. தலை சுற்றுகிறது என்று சொல்லித் தப்பிப்பேன். என்னால்தான் இந்த மனுஷன் தப்பான வண்டியை வாங்கினார் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். என்னை விட்டுவிட்டு, பள்ளி முடியும்வரை கரியாலூர் டீக்கடையில் பேப்பரை வரி விடாமல் படித்தபடி நீங்கள் காத்திருப்பதைப் பார்த்தால் இன்னும் கஷ்டமாக இருக்கும். இன்றைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன்.

உங்கள் காரியத்தன்று எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு உங்கள் தம்பியிடம் அழுதுகொண்டே இதைச் சொன்னேன். அவர் என்னையே பார்த்தார். "அண்ணனுக்குத் தெரியும் அண்ணி. மூட்டையத் தூக்கும்போதே எங்கிட்ட கண்ணக் காட்டுனாரு. பாதி எடை கூட இல்ல, கம்முனு வான்னாரு" என்றார்.

அப்புறம் ஏன் நெட்டையனையே வாங்கினார் என்று கேட்டேன்.

"நானும் அதத்தான் கேட்டேன். மத்த ரெண்டு வண்டிலயும் டீச்சரு கதவப் புடிச்சிக்கினு தொங்கி தொங்கி ஏறுச்சு, இதுல மட்டுந்தான் முட்டியப் புடிக்காம ஏறுச்சு, இழுவை கெடக்குது வுடுன்னாரு."

அன்றைக்கு நான் உங்கள் மேல் கோபப்பட்ட மாதிரி வாழ்நாளில் பட்டதில்லை. ஏன் சொல்லவில்லை? என் முட்டி வலி எனக்கே அப்போது பெரிதாகத் தெரியாது. நான் வாய் திறக்காததை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். பார்த்ததைச் சொன்னால் என்ன குறைந்தா போயிருப்பீர்கள்? பதினோரு வருஷம், தினம் இரண்டு மணி நேரம், ஒரே வண்டியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே ரகசியத்தை ஆளுக்கு ஆள் மறைத்துக்கொண்டு போய் வந்திருக்கிறோம். யாராவது ஒருவர் வாயைத் திறந்திருந்தால் கோமுகி அணை வரைக்கும் சிரித்திருக்கலாம். இப்போது எனக்கு அந்தச் சிரிப்பு வருகிறது. கூடச் சிரிக்க ஆள் இல்லை. தனியாகச் சிரித்தால் பாதியிலேயே அழுகையாகிவிடுகிறது.

சரி, புது வண்டிக் கதைக்கு வருகிறேன். உங்கள் முறையைத்தான் பின்பற்றினேன். மூன்று கார், அதே சாலை, ஒரே மூட்டை. இந்தத் தடவை இருபத்தைந்து கிலோ அரிசி. யாருக்கும் பிடி அரிசி கொடுக்கவில்லை. முதல் கடைப் பெண் காட்டிய புது வண்டியில் பெரிய திரை, கதவு திறந்தால் வணக்கம் சொல்கிறது. ஆனால் மலையில் மெதுவாக ஏறும்போது கியர் தானாக மாறுகிற ஒவ்வொரு தடவையும் நம் தலையை ஆட்டிவிடுகிறது. இரண்டாவது வெண்ணெய் மாதிரி ஓடுகிறது, பெட்ரோலைத் தண்ணீராகக் குடிக்கிறது. மூன்றாவதில் திரை சின்னது, பேச்சும் கிடையாது. மூன்று வண்டியையும் மூன்றாவது வளைவின் ஏற்றத்தில் நிறுத்தி, பிரேக்கிலிருந்து காலை எடுத்துப் பார்த்தேன். முதல் இரண்டும் லேசாகப் பின்னால் உருண்டன. மூன்றாவது நின்றது. சீட்டும் உயரம். மலை இறங்கும்போது இன்ஜினே வேகத்தைப் பிடித்து நிறுத்துகிறதா என்றும் பார்த்தேன், ஏனென்றால் நீங்கள் அதைத்தான் கேட்பீர்கள். நிறுத்துகிறது. அதையே எடுத்துக்கொண்டேன். பட்டப்பெயர் மட்டும் வைக்கவில்லை. எனக்கு அது வராது.

நெட்டையனை விற்றாயிற்று. அவனைக் கூட்டிப் போகிற அன்று நான் வீட்டுக்குள் இருந்துகொண்டேன்.

இன்றைக்குத் திங்கட்கிழமை. முதல் முறையாகத் தனியாக மலை ஏறினேன். பயம்தான், மறைக்கவில்லை. திருத்தி முடித்த பரீட்சைத் தாள்களைக் கட்டாகக் கட்டி, சாப்பாட்டுப் பையோடு இடது பக்கச் சீட்டில் வைத்திருந்தேன். கச்சிராயபாளையம் தாண்டி வேகம் பிடித்ததும் வண்டி கீச் கீச் என்று கத்த ஆரம்பித்தது. ஸ்டீயரிங்குக்கு முன்னால் ஒரு சிவப்பு விளக்கு. போச்சு, முதல் நாளே ஏதோ கோளாறு, மகன் சொன்ன மாதிரியே ஆயிற்று என்று நினைத்துக்கொண்டு அணைக்குப் பக்கத்தில் ஓரங்கட்டினேன். வண்டி வாங்கிய கடைக்குப் போன் செய்தேன். போனை எடுத்த பெண் கேட்டுவிட்டு, "ஒண்ணும் இல்லம்மா, சீட்டு மேல வெயிட்டு இருக்குதா? ஆள் உக்காந்திருக்காங்க, பெல்ட்டு போடலன்னு வண்டி நெனச்சுக்கும். எடுத்துப் பின்னாடி வெச்சிடுங்க" என்றாள்.

போனை வைத்தேன். அணைப் பக்கம் யாரும் இல்லை. வண்டி விடாமல் கத்திக்கொண்டிருந்தது. ஊருக்கே தெரிந்தது இந்த வண்டிக்கு மட்டும் தெரியவில்லை, என் பக்கத்தில் ஆள் இல்லை என்பது. நானும் அதனிடம் சொல்லவில்லை. குனிந்து, அந்தப் பக்கத்து பெல்ட்டை இழுத்து, தாள் கட்டின் மேல் சுற்றி மாட்டினேன். சத்தம் நின்றது.

அங்கேயிருந்து கரியாலூர் வரைக்கும் முக்கால் மணி நேரம். அத்தனை நேரமும் நான்தான் பேசினேன்.