ஆயுத பூஜை அன்று ஓடாத வண்டி

சாலவாக்கம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் இளவரசிக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், உங்கம்மா, மாடு ரெண்டும் சுகம், வண்டி மேல மட்டும் கேஸ் வந்திருக்குது, புனேவுல உன் உடம்பு எப்படின்னு எழுது. போன்ல சொல்லலாம்னா பாதியில உங்கம்மா பிடுங்கிக்கிறா, அதான் பேனா எடுத்தேன்.

ஆயுத பூஜை அன்னிக்கி மத்தியானம் காஞ்சிபுரத்துல நம்ம வண்டி ஹெல்மெட் இல்லாம போச்சுன்னு அபராதம் வந்திருக்குது. கேமரா படத்துல வண்டி நம்மளது மாதிரிதான், நம்பரும் நம்மளதுதான், ஆனா ஓட்டுறவனுக்குத் தலை நிறைய முடி. என் வழுக்கையைப் பாத்து, இது நீ இல்லைன்னு சத்தியம் பண்ண நான் வரேன்னு உங்கம்மா சிரிக்கிறா. எவனோ நம்ம நம்பரை மாட்டிக்கினு திரியறான். கம்ப்யூட்டர் கடை வெங்கடேசன், கட்டிட்டு வேலையைப் பாரு மாமான்னான். கட்டினா நான்தான் போனேன்னு ஆயிடும், நாளைக்கு அவன் யாரையாவது இடிச்சிட்டு ஓடினா போலீஸ் நம்ம வாசல்லதான் வந்து நிக்கும். கோர்ட்டுல பேசிக்கிறேன்னு கம்ப்யூட்டர்ல போடச் சொல்லிட்டேன், போலீஸ்லயும் எழுதிக் குடுத்துட்டேன். வர்ற மாசம் காஞ்சிபுரம் கோர்ட்டுக்கு வரச் சொல்லியிருக்காங்க.

தினம் சாயங்காலம் ஒத்திகை நடக்குது. உங்கம்மாதான் ஜட்ஜ், நாற்காலியில உக்காந்து மொச்சை உரிச்சிக்கினே விசாரிக்கிறா. நான் வண்டி வாங்கின கதையிலேர்ந்து ஆரம்பிச்சேன், "யோவ், அன்னிக்கி வண்டி எங்க இருந்துச்சி, அத்த மட்டும் சொல்லு"ன்னா. பூஜை போட்ட வண்டியை மறுநாள் எலுமிச்சம்பழம் நசுக்கித்தான் எடுப்போம், அன்னிக்கி மாலையும் வாழைக்கன்னுமா வூட்டு வாசல்லயே நின்னுச்சின்னு சொன்னேன். சாட்சி எங்கன்னா. அவ போன்ல எடுத்த படத்தையே ஜம்பமா காட்டினேன். பாத்தா, பக்தி முத்திப்போய் நம்பர் பிளேட் முழுக்க நானே சந்தனத்தை அப்பி வச்சிருக்கேன், ஒரு எண்ணும் தெரியல, மிச்ச வண்டியை என் தொந்தி மறைக்குது. கேஸ் தள்ளுபடின்னு சொல்லிட்டு மொச்சையோட உள்ள போயிட்டா.

சோத்துல கை வைக்கும்போதுதான் ஞாபகம் வந்தது. பூஜை நேரத்துல நீ வீடியோ கால்ல இருந்தியே, நான் வண்டியோட பின்பக்கத்தைக் காட்டினதும் அப்படியே படம் பிடிச்சி, இன்னும் இதை அழிக்கலையாப்பான்னு கேட்டு அனுப்பினியே. பின் மட்கார்டுல பெருசா உன் பேர். இங்க காலேஜ் போறப்பவே கிண்டல் பண்றாங்கன்னு அழிக்கச் சொன்ன, நானும் நாளைக்கி நாளைக்கின்னு இழுத்தேன், சோம்பேறித்தனத்துக்கும் ஒரு பலன் இருக்குது பாரு. கேமரா பிடிச்ச வண்டியில அந்த இடம் மொட்டை. நம்பரை எவன் வேணா எழுதிக்கலாம், என் பொண்ணு பேரை எவன் எழுதுவான். என் பழைய போன் பம்ப்செட் தொட்டியில விழுந்து அந்தப் படம் போச்சு, தேதியும் நேரமும் தெரியறாப்போல மறுபடி அனுப்பு. அது மட்டும் வந்துட்டா கேஸ் நம்ம பக்கம்தான்.

வேளைக்குச் சாப்பிடு, ஸ்கூட்டர்ல போனா ஹெல்மெட் போடு. நானும் இப்ப மாட்டுக்குப் புல்லறுக்கப் போனாகூட போட்டுக்கினுதான் போறேன். கோர்ட்டுக்கும் அதே வண்டியிலதான் போறோம். பின்னாடி உக்கார்ற உங்கம்மா கிட்ட, புடவையை இழுத்துச் சொருகிக்கோ, பொண்ணு பேர் மறையக் கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கேன்.

நோய் நொடி இல்லாம மகராசியா இரு. படத்தை மறந்துடாதே.

கேஸ்ல ஜெயிக்கப்போற உன் அப்பா,
ஏகாம்பரம்