பின்சீட்டுக்குக் கீழே ஒரு சிவப்புப் பொட்டு

ஏங்க,

சாப்பாடு அடுப்பு மேல் மூடியிருக்கிறது. வேன் சாவியைத் தேட வேண்டாம், நான் கொண்டுபோகும் கைப்பையில் இருக்கிறது.

"வேன்ல எல்லா ஹோஸும் மாத்தியாச்சு, நாளைக்குப் பிள்ளைங்களோட ஜம்முனு போகலாம்" என்று நேற்று சொன்னீர்கள். காலையில் செருப்பு எடுக்கப் போனால், அலமாரிக்குப் பின்னால் ஒரு புது ரப்பர் ஹோஸ் கவர்கூடப் பிரிக்காமல் கிடக்கிறது. உடனே டார்ச்சோடு வண்டிக்குப் போனேன்.

புதிதாக மாட்டிய ஹோஸுக்கெல்லாம் அடையாளத்துக்கு என் நகப்பாலிஷில் பொட்டு வைப்பீர்களே, முன்பக்கம் எல்லாவற்றிலும் இருக்கிறது. பின்சீட்டுக்குக் கீழே, குளிருக்குப் போடுகிற ஹீட்டருக்கு இன்ஜினிலிருந்து போகிற ஹோஸிலும் இருக்கிறது. ஆனால் அந்த ஹோஸ் பழையது. விரலால் அமுக்கினேன், வெடிப்பு வாயைப் பிளக்கிறது.

அதில் ஓடுவது கொதிக்கிற தண்ணீர். அதற்கு மேலேதான் சின்னவள் காலைத் தொங்கப்போட்டு உட்காருவாள்.

ராத்திரி இடுப்பைப் பிடித்துக்கொண்டேதானே படுத்தீர்கள். இடுப்பு பிடித்துக்கொண்டது, குனிய முடியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே வண்டிக்கு அடியில் படுத்திருப்பேனே!

உங்கள் தம்பியை வரச் சொல்லியிருக்கிறேன். அவர் மாட்டட்டும், நீங்கள் டார்ச் பிடித்தால் போதும். வண்டியிலிருந்து இறக்குகிற பழைய தண்ணீரைக் குளிக்கிற பக்கெட்டில் பிடிக்காதீர்கள்.

இடுப்புக்குத் தைலம் ஜன்னலில் இருக்கிறது. நீங்களாகக் குனியாதீர்கள்.

இன்னொன்று. எல்லாம் சரியாக மாட்டினீர்களா என்று கேட்டதற்கு, "என் மேல நம்பிக்கை இல்லையா?" என்று ராத்திரி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டீர்கள். இத்தனை வருஷமும் அந்தப் பொட்டை நம்பித்தான் பிள்ளைகளை வண்டியில் ஏற்றினேன்.

சாவியோடு நகப்பாலிஷையும் எடுத்துக்கொண்டு போகிறேன். இனிமேல் பொட்டை நான் வைக்கிறேன்.